அதே நாள் மத்தியானம்

அந்தக் கல்லூரியில் வணிக நிர்வாகம் படிக்கிற மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள் அவரை 'மெஷின் சார்' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால்தான். அவருக்கும் தெரியும். தெரியாதவர் மாதிரி இருப்பார், ஆனால் உள்ளூர ஒரு சந்தோஷம் உண்டு. பட்டப்பெயர் கிடைக்காத வாத்தியார் ஒரு வாத்தியாரா?

அந்தப் பெயர் வந்ததற்குக் காரணம் அவர் சொல்லும் ஒரு கதை. வாத்தியார் வேலைக்கு வருவதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் ஒரு பிஸ்கட் கம்பெனியில் கொள்முதல் மேலாளராக இருந்தவர். கல்லூரியில் வணிக நெறிமுறை பாடம் அவருக்கு வந்ததே அந்த அனுபவத்துக்காகத்தான். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில், புத்தகத்தைத் திறக்காமல், மேசை மேல் சாய்ந்து நின்றுகொண்டு ஆரம்பிப்பார்.

"அட்டைப்பெட்டி சப்ளை பண்றவர் ஒருத்தர். ஒருநாள் காலையில வேன் வந்து நிக்குது. உள்ள பார்த்தா வாஷிங் மெஷின். எங்க வீடு ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான் ஆபீஸ்ல இருக்கேன். வீட்டுக்காரம்மா போன் பண்ணி, 'என்னங்க, யாரோ மெஷின் கொண்டு வந்திருக்காங்க, நமக்கு வேண்டாம், அனுப்பிடுங்க'ன்னாங்க. அதே நாள் மத்தியானம் திருப்பி அனுப்பிட்டேன். ஏத்தினவங்களே இறக்கட்டும்னு சொன்னேன்."

கடைசி வரிக்கு வகுப்பு கொல்லென்று சிரிக்கும். சிரிப்பு அடங்கியதும் கரும்பலகைப் பக்கம் திரும்பி 'அன்பளிப்பு எப்போது லஞ்சமாகிறது?' என்று எழுதுவார். ஆறு வருஷமாக இப்படித்தான்.

அந்த வருஷம் எட்டாவது வாரத்தில் ஒரு பயிற்சி வைத்தார். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. வேலை செய்கிற இடத்தில் நடந்த ஒரு தப்பை, கண்ணால் பார்த்ததோ நம்பிக்கையானவர் சொல்லிக் கேட்டதோ, ஐந்து வரியில் எழுத வேண்டும். யார் பெயரும் வேண்டாம், எழுதுகிறவர் பெயரும் வேண்டாம். வகுப்புத் தலைவியாக இருந்த பெண் ஒரு காலி செருப்புப் பெட்டியோடு பெஞ்சு பெஞ்சாகப் போய்ச் சீட்டுகளை வாங்கி வந்தாள்.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். பெட்ரோல் பங்கில் அளவு குறைப்பது, ஜவுளிக்கடையில் பழைய சரக்குக்குப் புதுச் சீட்டு ஒட்டுவது, சம்பளமில்லாத பயிற்சி என்று சொல்லி ஆறு மாசம் வேலை வாங்குவது. நல்ல சீட்டுகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டே வந்தார். இருபதோ இருபத்தொன்றோ தாண்டியிருக்கும், ஒரு சீட்டு கையில் நின்றது.

'ஒரு மேலாளர் வீட்டுக்கு சப்ளையர் வாஷிங் மெஷின் அனுப்பினார். அதே நாள் மத்தியானம் அது திரும்பிப் போகவில்லை. நாலு மாதம் கழித்துத்தான் போனது. இறக்கும்போது உள்ளே ஈரம் இருந்தது. அந்த மேலாளர் இப்போது நேர்மை பற்றிப் பேசுகிறார்.'

சீட்டை மடித்தார், மறுபடி பிரித்தார். பக்கத்து மேசையில் இருந்த கணக்கியல் மேடம், "என்ன சார், பாவப்பெட்டி ரொம்பி வழியுதா?" என்று கேட்டாள். சாதாரணமாகக் கேட்டதுதான். ஆனால் அவர் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். இவளுக்கு ஏதாவது தெரியுமா?

சீட்டில் இருந்தது உண்மை. அதுதான் விஷயம். மெஷின் வீட்டில் நாலு மாசம் இருந்தது. கம்பெனியில் தணிக்கைக்கு வரப்போகிறார்கள் என்று காற்றுவாக்கில் செய்தி வந்த அன்றைக்குத்தான் திருப்பி அனுப்பினார். ஆனால் ஈரம்? குழாயைக் கழற்றியபோது மாடிப்படி முழுக்கத் தண்ணீர் சொட்டியது அவருக்கே பாதி மறந்துபோயிருந்தது. இது இருபது வயசுப் பிள்ளை ஒன்றுக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் கேட்டார்.

"அந்த மெஷின் விஷயத்தை யார்கிட்டயாவது சொன்னியா?"

"எந்த மெஷின்?"

"தெரியாத மாதிரி கேக்காத."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "நான் எங்க போய் சொல்றது? நீங்கதான் வருஷா வருஷம் சொல்றீங்க. அதுல நான் போன் பண்ணி வேண்டாம்னு சொன்னேனாம். நான் எப்ப சொன்னேன்? எங்கம்மா படுக்கையில கிடந்தாங்க, தினம் பத்து போர்வை துவைக்கணும். மெஷின் வந்தப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு, அவ்வளவு நிம்மதி. நீங்கதான், இருக்கட்டும், பாத்துக்கலாம்னீங்க."

"அதை விடு. உன் தங்கச்சிகிட்ட சொன்னியா?"

"என் மேலயே சந்தேகமா?" என்று அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவரே காபி போட்டுக் குடிக்க வேண்டியதாயிற்று.

மறுநாளிலிருந்து அவருக்குக் கல்லூரியே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. வாசலில் காவலாளி வணக்கம் வைத்துச் சிரித்தால், இந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று தோன்றியது. நடைவழியில் நாலு பிள்ளைகள் கூடி நின்று அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினால், தன்னைப் பற்றித்தான் என்று முடிவு கட்டினார். பிள்ளைகள் வாத்தியாரைக் கண்டால் பேச்சை நிறுத்துவது உலக வழக்கம் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. பாடம் நடத்தும்போதும் கண் நாற்பத்தாறு முகத்தின் மேலும் மேய்ந்துகொண்டே இருந்தது. 'நேர்மை' என்ற சொல் வாயில் வரும்போதெல்லாம் யார் முகத்தில் என்ன அசைகிறது என்று பார்த்தார். அப்படிப் பார்த்ததில் இரண்டு தடவை வாக்கியத்தை எங்கே விட்டோம் என்று மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் தேர்வுத்தாள்களைப் பரப்பி உட்கார்ந்தார். நடுவில் அந்தச் சீட்டு. 'ழ'வின் வாலைப் பார்த்தார். 'ன'வின் சுழிகளை எண்ணினார். மனைவி குறுக்கே போகும்போது ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். பகல் முழுக்க உட்கார்ந்ததில் கையெழுத்து ஒத்துப்போகிறவர்களாக ஒன்பது பேர் தேறினார்கள். ஒன்பதில் ஒருவன் 'டப்பா'.

அவனைக் கூட்டாளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கடைசி பெஞ்சு, சுவரோரம். அவனுடைய அப்பா அட்டைப்பெட்டி வியாபாரம் செய்கிறார் என்பதால் வந்த பெயர். முதல் வகுப்பில் கதைக்கு எல்லோரும் சிரித்தபோது அவன் சிரிக்கவில்லை என்பது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. நிஜமாகவே ஞாபகமா, இப்போது உண்டானதா என்று அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அட்டைப்பெட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரே சந்தையில் புழங்குகிறவர்கள். அப்பா சொல்லியிருப்பார், மகன் எழுதியிருப்பான். எல்லாம் பொருந்தியது. சந்தேகம் வந்துவிட்டால் எதுதான் பொருந்தாது?

அதற்கடுத்த வாரம் மாணவர்கள் முன்னால் வந்து ஆய்வுகளைச் சமர்ப்பிக்க வேண்டிய முறை. டப்பா எடுத்திருந்த தலைப்பு: 'சப்ளையர் தரும் பரிசுகள்: கொடுக்கிறவர் பக்கத்திலிருந்து ஒரு பார்வை'. தலைப்பு திரையில் விழுந்ததுமே அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சரிதான், நேருக்கு நேர் மோதவே வந்துவிட்டான்.

பையன் நன்றாகத்தான் தயார் செய்திருந்தான். சின்ன வியாபாரிகள் பன்னிரண்டு பேரைப் பார்த்துப் பேசியிருந்தான். யாரும் மனசாரக் கொடுப்பதில்லை, கொடுக்காவிட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் கொடுக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கே புகுந்தார்.

"தம்பி, ஊர்க்கதை எல்லாம் இருக்கட்டும். உங்கப்பா யார் யாருக்கு என்னென்ன அனுப்பினாரு? அதைச் சொல்லுங்க, கேப்போம்."



டப்பா கையிலிருந்த தாளைப் பார்த்தான். "அனுப்பியிருக்கார் சார். ஒருத்தர் வீட்டுக்கு ஃப்ரிட்ஜ். இன்னொருத்தர் பொண்ணு காலேஜ் ஃபீஸ். அதனாலதான் இந்தத் தலைப்பை எடுத்தேன்."

"அப்ப திருட்டுல பாதி உங்க வீட்லயே இருக்கு. வெளியில பன்னெண்டு பேரை எதுக்குப் போய்ப் பாத்தீங்க?"

திரையில் இன்னும் நாலு பக்கம் பாக்கி இருந்தது. அவன் கணினியை மூடிவிட்டு இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அவர் மதிப்பெண் பட்டியலில் இருபதுக்கு நாலு என்று போட்டார். போடும்போது ஒரு தயக்கமும் இல்லை. அதை நினைத்துத்தான் பிற்பாடு அவர் அதிகம் வெட்கப்பட்டார்.

அன்று மூன்று மணி இருக்கும். ஆசிரியர் அறையில் அவர் மட்டும் இருந்தார். வகுப்புத் தலைவி வாசலில் வந்து நின்றாள். நல்ல பிள்ளை என்று எல்லா வாத்தியார்களும் சொல்கிற பெண். வருகைப் பதிவேட்டைக் கொண்டு வைப்பதும், வகுப்பு மாறினால் எல்லோருக்கும் தகவல் சொல்வதும் அவள்தான். செருப்புப் பெட்டியோடு சீட்டுகளை வாங்கியவளும் அவள்தான்.

"என்னம்மா?"

"சார், அந்தச் சீட்டை எழுதினது நான்."

"எந்தச் சீட்டு?" என்று கேட்டார். மனைவி கேட்ட மாதிரியே கேட்கிறோம் என்று கேட்டபிறகுதான் உறைத்தது.

"ஈரம்னு எழுதியிருந்ததே, அது. அவன் மேல சந்தேகப்பட்டுத்தான் இன்னிக்கு அப்படிப் பேசினீங்கன்னு நினைக்கறேன். அவனுக்கு ஒண்ணும் தெரியாது சார்."

அவர் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"உனக்கு யாரு சொன்னது?"

"எங்கப்பா. அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில வேன் ஓட்டிட்டிருந்தார். ஏத்தினதும் அவர்தான், இறக்கினதும் அவர்தான். ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படி திரும்பற இடத்துல கை நசுங்கி நகம் போச்சு. அந்த நகம் இன்னும் சரியா வளரலை. நான் அப்ப ஆறாவது படிக்கறேன். வீட்டுக்கு வந்து சொன்னார், உள்ள துணி நூல்கூட ஒட்டிட்டிருந்துச்சு, நாலு மாசம் துவைச்சுட்டு அனுப்பறாங்கன்னு. சிரிச்சுட்டேதான் சொன்னார். முதல் வகுப்புல நீங்க மாடின்னதும், லிஃப்ட் இல்லைன்னதும் எனக்குப் புரிஞ்சுருச்சு."

ஏற்றினவர்களே இறக்கட்டும் என்று ஆறு வருஷமாகச் சொல்லிச் சிரிக்க வைத்தவர், அந்த ஏற்றினவருக்கும் கண் காது உண்டு என்று ஒரு தடவைகூட நினைத்ததில்லை. சந்தேகப் பட்டியலில் மனைவி இருந்தாள், மைத்துனி இருந்தாள், காவலாளிகூட இருந்தார். வேன்காரர் இல்லை.

"என்னை அவமானப்படுத்தணும்னு எழுதினியாம்மா?"

அவள் யோசித்தாள். "கொஞ்சம் அப்படித்தான் சார். ஆனா மெஷினுக்காக இல்லை. நீங்க திருப்பி அனுப்பினப்ப கூடவே உங்க கம்பெனிக்கு ஒரு லெட்டர் எழுதினீங்களாமே. இந்த சப்ளையர் எனக்கு லஞ்சம் குடுக்கப் பாத்தார், அன்னிக்கே திருப்பிட்டேன்னு. அதுக்கப்புறம் உங்க கம்பெனி அவங்களைக் கறுப்புப் பட்டியல்ல போட்டுச்சு. நாலு வேன் இருந்துச்சு, மூணு வித்தாங்க. அப்பாவுக்கு ஏழு மாசம் வேலை இல்லை."

அவருக்கு அந்தக் கடிதம் வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. தணிக்கைக்காரர்கள் எழுத்தில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக் கடிதத்தின் நகலைக் காட்டித்தான் இந்தக் கல்லூரி வேலையே கிடைத்தது. அந்த சப்ளையர் என்ன ஆனார் என்று யாரும் சொல்லவில்லை என்று அவர் சொல்லிக்கொள்ளலாம். யாரிடமும் அவர் கேட்கவில்லை என்பதுதான் சரி.

"உங்கப்பாவுக்கு நான்தான் இங்க வாத்தியார்னு தெரியுமா?"

"தெரியாது. சொன்னா ஃபீஸ் கட்டமாட்டேன்னு நிப்பார்." அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "அவனோட மார்க்கை மட்டும் பாருங்க சார். எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள்.

டப்பாவின் ஆய்வை அவரே மறுபடி திருத்தவில்லை. கணக்கியல் மேடத்திடம் கொடுத்து, காரணமும் சொல்லி, மதிப்பெண் போடச் சொன்னார். மேடம் படித்துவிட்டுப் பதினேழு போட்டாள். "பையன் நல்லா எழுதியிருக்கான். நீங்க நாலு போட்டதை நம்பவே முடியலை சார்," என்றாள். நம்பலாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அடுத்த வகுப்பில், மேசை மேல் சாயாமல், நேராக நின்று சொன்னார். மெஷின் எத்தனை நாள் இருந்தது, ஏன் திரும்பிப் போனது, கடிதத்தில் எந்தத் தேதி பொய், அதனால் யாருக்கு என்ன ஆனது, எல்லாவற்றையும் சொன்னார். வேன் ஓட்டியவரின் மகள் அந்த வகுப்பிலேயே இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. டப்பாவைப் பெயர் சொல்லி எழுப்பாமல், அவன் இருந்த பக்கம் பார்த்து, "உங்க மேல சந்தேகப்பட்டேன். தப்பு. அதுக்காகத்தான் அன்னிக்கு உங்கப்பாவை இழுத்தேன். அது அதைவிடப் பெரிய தப்பு," என்றார்.

அழுகை வரும், மன்னிப்பு கிடைக்கும் என்றெல்லாம் அவர் எதிர்பார்த்தாரோ என்னவோ. நடந்தது வேறு. நடு பெஞ்சிலிருந்து ஒருவன் கையைத் தூக்கினான்.

"சார், இதுவும் பயிற்சியா?"

"இல்லைப்பா. நிஜம்."

"முதல் கதையையும் நிஜம்னுதான் சொன்னீங்க."

வகுப்பில் பாதிப்பேர் அவரைப் பார்த்த பார்வை, அவர் மூன்று வாரமாக அவர்களைப் பார்த்த அதே பார்வை. இது ஏதோ புது உத்தி, கடைசியில் இதற்கும் கேள்வித்தாளில் பத்து மதிப்பெண் இருக்கும் என்று சிலர் குறிப்பெழுதக்கூடச் செய்தார்கள். டப்பா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். மணி அடித்ததும் முதல் ஆளாக வெளியே போனான்.

துறைத் தலைவர் கூப்பிட்டு, "இதெல்லாம் வகுப்புல சொல்லணுமா? நாளைக்கு யாராவது பெத்தவங்க வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?" என்று கேட்டார். எழுத்தில் விளக்கம் கேட்டார், அவரும் எழுதிக் கொடுத்தார். அந்த விளக்கத்தை மனைவியிடம் முதலில் படிக்கக் கொடுத்தார். அவள் ஒரு வரியில் விரல் வைத்தாள். "இங்க, 'என் மனைவியின் வற்புறுத்தலால்'னு வேண்டாம். நான் வற்புறுத்தலை. சந்தோஷப்பட்டேன், அவ்வளவுதான்." அவர் அந்த வரியை மாற்றினார்.

அந்த சப்ளையரைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் பிடித்தது. நகரத்தின் மறுகோடியில் ஒரு கிடங்கு. முன்னால் பழைய அட்டை கட்டுக்கட்டாகக் கிடந்தது. அறுபது தாண்டிய மனிதர் எடைமேடை பக்கத்தில் உட்கார்ந்து சணல் முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. எழுந்திருக்கவில்லை.

"வாங்க. என்ன வேணும்?"

"ஒண்ணும் வேண்டாம். உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"ஒண்ணும் வேண்டாம்னு நீங்க சொன்னா எனக்குப் பயமா இருக்கு," என்றார் அவர். சொல்லிவிட்டு உள்ளே திரும்பி, "ரெண்டு டீ," என்றார்.

இவர் வந்த காரியத்தைச் சொன்னார். கிழவர் கேட்டுக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார்.

"யாராவது கேஸ் போட்டிருக்காங்களா? என்னை சாட்சிக்கு இழுக்கறதுக்கா?"

"இல்லைங்க."

"உடம்புக்கு ஏதும் முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அப்ப ஒன்பது வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு?" நம்பாத முகம் நம்பாத முகமாகவே இருந்தது. "நானும் யோக்கியன்னு சொல்லலை. மெஷினை அனுப்பினது நான்தான். நீங்க போன்ல 'வீட்ல துணி துவைக்க ரொம்பக் கஷ்டம்'னு ரெண்டு தரம் சொன்னீங்க. எதுக்குச் சொல்றீங்கன்னு புரிஞ்சு அனுப்பினேன். ஞாபகம் இருக்கா?"

அது அவருக்கு ஞாபகம் இல்லை. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. சொல்லியிருப்போம் என்றுதான் தோன்றியது. தன் மேலேயே சந்தேகம் வருவது அவருக்கு அதுதான் முதல் தடவை.

"பழைய கம்பெனிக்கு உண்மையான தேதியோட ஒரு கடிதம் எழுதறேன். நீங்க சொன்னதையும் சேர்த்துக்கறேன். ஒரு நகல் உங்களுக்கு."

"எழுதுங்க. எழுதினப்புறம் பாப்போம்," என்றார் கிழவர். டீ வந்தது. இருவரும் குடித்தார்கள்.

கடிதம் எழுதி அனுப்பினார். கம்பெனியிலிருந்து ஒன்றரை மாசம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது: தகவலுக்கு நன்றி, பழைய பட்டியல் இப்போது நடைமுறையில் இல்லை. அதன் நகலையும் கிடங்குக்கு அனுப்பினார். அங்கிருந்து பதில் ஒன்றும் வரவில்லை.

கல்லூரி வேலை போகவில்லை, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு நின்றது. டப்பா நடைவழியில் பார்த்தால் "குட் மார்னிங் சார்" என்பான், மற்ற எல்லா வாத்தியார்களுக்கும் சொல்கிற மாதிரி, அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. வகுப்புத் தலைவி எப்போதும் போல வருகைப் பதிவேட்டைக் கொண்டு வந்து வைத்தாள். ஒருநாள் வைத்துவிட்டு, "அப்பாகிட்ட சொல்லிட்டேன் சார்," என்றாள். "என்ன சொன்னார்?" என்று கேட்டார். "ஒண்ணும் சொல்லலை. ஃபீஸ் கட்டிட்டார்."

வகுப்பு மட்டும் முன்னைப் போல ஓடவில்லை. அவர் எந்த உதாரணம் சொன்னாலும் ஒரு கை மேலே போகும். சார், இது நடந்ததா, நீங்க பாத்தீங்களா, யார் சொன்னாங்க, அவங்களுக்கு இதுல என்ன லாபம்? ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். இது நான் பார்த்தது, இது கேள்விப்பட்டது, இந்தத் தேதி எனக்கு நிச்சயமில்லை என்று பிரித்துப் பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. தெரியாததைத் தெரியாது என்றார். ஒரு மணி நேரத்தில் முடிகிற பாடம் மூன்று மணி நேரம் இழுத்தது. அந்த வருஷம் பாடத்திட்டத்தில் கடைசி இரண்டு அத்தியாயங்கள் நடத்தாமலே நின்றுபோயின.